பக்கவாட்டில் இரண்டு திருகு

மூன்று மாதம் முன்பு இதே அடுப்படியில்
இதே முட்டியை மடக்கி
நான்தான் பொருத்தினேன்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பஹாவ், லோரோங் நாலு, கடைசி வீடு.
வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை,
வரிசையாக, எங்கேயும் போகாமல்.
குலை ஏற்றிய லோரி வளைவில் திரும்பும்போது
கூடையில் கரண்டிகள் சன்னமாகப் பேசிக்கொள்ளும்.
அந்த அதிர்வையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

மங்களேஸ்வரிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
யார் யார் கைக்கோ உறை எண்ணி அடுக்குகிறவள்.
அவள் கையில் சோப்புத் தண்ணீர் பட்டால்
தோல் பாளம் பாளமாக வெடிக்கும்.
அதற்காகத்தான் இந்தப் பாத்திரம் கழுவும் மெஷின்,
சிரம்பானில் வீடு மாறிப் போனவர்களிடம் பாதி விலைக்கு.
கருங்கல் மேடை மட்டும் புதுசு.
பத்துத் தவணையில் ஆறு கட்டியாச்சு.
"கல்லுல மட்டும் ஓட்டை போட்டுறாதீங்க தம்பி."

பலகை மேடையென்றால் சுலபம்.
மெஷினின் நெற்றியில் இரண்டு தகரக் காது,
மேல்நோக்கி இரண்டு திருகு, முடிந்தது.
கல் திருகு ஏற்காது.
துளைத்தால் மயிரளவு ஒரு கோடு விழும்,
நாளடைவில் அது அடுப்பு வரைக்கும் நடந்து போகும்.

ஆகவே பிசின்.
இரண்டு குழாய்ப் பசையைக் குழைத்து
கல்லின் அடிவயிற்றில் ஒரு மரச்சட்டம் ஒட்டினேன்.
கல்லைத் துடைத்தேனா?
கையால் ஒரு தடவு தடவினேன்.
வெட்டிய நாளின் தூள் அங்கே இன்னும் இருந்தது, மாவு மாதிரி.
அன்றைக்கு ரொம்பினில் இன்னொரு வேலை,
மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது.
பிசினுக்கு ஓர் இரவு வேண்டும்.
நான் ஒரு தேநீர் நேரம் கொடுத்தேன்.

போன ஞாயிறு
கதவைத் திறந்து கீழ்த்தட்டை வெளியே இழுத்திருக்கிறாள்.
பாரமெல்லாம் முன்னால் வந்ததும்
மெஷின் குப்புற,
இல்லை, மெதுவாக,
மூட்டுவலிக்காரர் கோயிலில் விழுந்து கும்பிடுவதுபோல
சாய்ந்திருக்கிறது.
பதினோரு தட்டு. ஒரு சம்பல் ஜாடி.
தாவிப் பிடித்த மகன் கிஷேந்திரனுக்குக்
கட்டைவிரலில் இரண்டு தையல்.

வழி நெடுகப் பதில் தயார் செய்துகொண்டு வந்தேன்:
பழைய மெஷின், அதிகப் பாரம், லோரி.
"பசியாறிட்டீங்களா?" என்றாள்.
கழன்று விழுந்த சட்டத்தை எடுத்துக்
கல்மேல் வைத்தாள், அவ்வளவுதான்.
பிசின் முழுசாக மரத்தில் இருந்தது,
அதன் முகமெல்லாம் வெள்ளைத் தூள்.
தூளில் நான் தடவிய நான்கு விரலும்
அச்சாக இறுகியிருந்தன.

வாயை மூடிக்கொண்டு தரையில் படுத்தேன்.
மேலே முடியாதென்றால் பக்கம்.
கதவின் உள்விளிம்பில் ஒரு சின்ன வெள்ளை மூடி.
பெயர்த்தால் திருகுக்கென்றே ஒரு துளை.
முதல் நாளே இருந்திருக்கிறது.

இடப்பக்கம் மசாலா அலமாரி,
பலகையெல்லாம் அமுக்கிய மரத்தூள், திருகைக் கடிக்காது.
உப்பு டப்பாவுக்குப் பின்னால் கெட்டி மரம் ஒன்றை முட்டுக் கொடுத்தேன்.
வலப்பக்கம் செங்கல் சுவர்,
நைலான் முளை அடித்து ஒரு கட்டை.
கால்களைத் திருகித் திருகி
நீர்மட்டத்தின் குமிழியை நடுவுக்குக் கூப்பிட்டேன்.
கல்லுக்கும் தகரத்துக்கும் நடுவே
பத்து காசு நுழைகிற இடைவெளி.

பிறகு சோதனை.
கீழ்த்தட்டில் குக்கர், குவாலி, அம்மிக் குழவி,
எல்லாவற்றையும் ஏற்றிக் கடைசி வரை இழுத்தேன்.
லோரி ஒன்று போனது.
கரண்டிகள் பேசின, மெஷின் பேசவில்லை.
கிஷேந்திரன் கட்டுப்போட்ட விரலால் கதவை அழுத்தினான்,
அப்புறம் முழங்கையால்,
அப்புறம் என்னைப் பார்த்தான்.

காசு வேண்டாம் என்றேன்.
"சரி" என்றாள். வற்புறுத்தவில்லை.
சட்டத்தை எடுத்துப் போகவா என்று கேட்டதற்கு
"இருக்கட்டும், சன்னலுக்கு முட்டுக் கொடுக்க ஆகும்."

லோரோங் முனையில் திரும்பிப் பார்த்தேன்.
அடுப்படிச் சன்னல் திறந்திருந்தது,
என் நான்கு விரலை ஊன்றிக்கொண்டு.